பி.எட். பட்டமும் சுகாதாரக் கல்விச் சான்றும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

ஆண்டுதோறும் இதுபோன்ற அமர்வுகளில் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு படிப்புகளைப் பற்றியே நாம் அதிகமாகப் பேசிவருகின்றோம். அவை வேண்டிய படிப்புகளே. ஆயினும், அந்த இரண்டு வாசல்களிலும் நுழைய இயலாத பிள்ளைகளே நம்மிடையே மிகப் பலர். அவர்களுக்கு உரிய வழிகளையும் இந்த மேடையில் எடுத்துச் சொல்லவேண்டிய கடமை நமக்கு இருக்கின்றது. எனவே, இன்று ஆசிரியர் பட்டத்தையும் சுகாதாரக் கல்விச் சான்றையும் இணைத்துப் பெறுகின்ற ஒரு வழியைப் பற்றிப் பேச விரும்புகின்றோம்.

குரும்பலூருக்குக் கிடைத்திருக்கும் ஒரு பெரும் வாய்ப்பு நம்மூரிலேயே அமைந்திருக்கும் கல்லூரியாகும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்து, பின்னர் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரியாக மாறிய அந்த நிறுவனத்தால், பட்டம் பெறுவதற்காகத் திருச்சிக்குச் சென்று விடுதியில் தங்கவேண்டிய நிலை பலருக்கு நீங்கியது. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்பதால், பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரும் துணிந்து அனுப்புகின்றனர்.

ஆனால், மூன்றாண்டு முடிந்து பட்டத்தைக் கையில் வாங்கிய பின்னர் என்ன என்ற கேள்வி எழுகின்றது. பலருடைய படிப்பு அத்துடன் நின்றுவிடுகின்றது. பட்டச் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகின்றது. மேலே படிக்க வைக்கலாம் என்று எண்ணுகின்ற வீடுகளில் பெரும்பாலும் சொல்லப்படும் பதில் "பி.எட். படிக்கட்டும்" என்பதே. அது நல்ல பதில்தான். அந்தப் பதிலை இன்னும் பயனுள்ளதாக்குவது எப்படி என்பதே இந்த உரையின் நோக்கம்.

சுகாதாரக் கல்வி என்பது யாது?

சுகாதாரக் கல்வி என்றவுடன் அது மருத்துவமோ செவிலியர் படிப்போ என்று எண்ணிவிடக் கூடாது. நோய் வந்தவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவம். நோய் வராமல் காத்துக்கொள்ளவும், வந்த நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழவும் மக்களுக்குக் கற்றுக்கொடுப்பது சுகாதாரக் கல்வி. மருத்துவர் நமக்கு ஒதுக்கக்கூடியது சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நம் உடல் நம் வீட்டில், நம் பழக்கவழக்கங்களின் கையில் இருக்கின்றது.

நம்மூர் நிலையையே எண்ணிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்புகின்றான். அந்தப் பணத்தில் தாயாருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை வாங்கப்படுகின்றது. எந்த மாத்திரை உணவுக்கு முன், எது உணவுக்குப் பின் என்பதை அந்தத் தாய்க்குப் பொறுமையாக விளக்குவோர் யார்? காலில் ஏற்பட்ட சிறு புண்ணை அலட்சியம் செய்யக் கூடாது என்று சொல்வோர் யார்? ரமலான் மாதத்தில் நோன்பு நோற்க விரும்புகின்ற நோயாளி, மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சென்று மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும் என்று நினைவூட்டுவோர் யார்?

இது ஓரிரு வீடுகளின் பிரச்சினை அன்று. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அந்தக் குறை காணப்பட்டது. இவ்வளவு பேருக்கும் மருத்துவர் ஒருவரே அமர்ந்து பாடம் நடத்த இயலாது. அதற்கென்று பயின்றவர்கள் தேவை.

கற்பித்தல் உயிர் காத்த வரலாறு

கற்றுக்கொடுப்பதால் உயிர் பிழைக்குமா என்று சிலர் ஐயுறலாம். 1971-ல் வங்காளதேசப் போரின்போது, இந்திய எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் அவர்கள் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தார். எவ்வாறு கலக்கவேண்டும், எவ்வளவு புகட்டவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் குறைவாக வந்தது. மருந்து எளியது, அதைக் கொடுக்கக் கற்ற கைகள் அந்தக் குடும்பத்தாருடையவை.

அந்தப் பாடத்தை வங்காளதேசம் பெரிய அளவில் எடுத்துச் சென்றது. 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் ஆகியவற்றைக் கலக்கும் முறையைத் தாய்மார்களின் கையாலேயே செய்யவைத்துக் கற்பித்தது. பணியாளருக்கு எத்தனை வீடு சென்றார் என்பதற்காக மட்டும் ஊதியம் வழங்கப்படவில்லை. சில வாரங்களுக்குப் பின் வேறொருவர் சென்று, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கின்றது, சரியாகக் கலக்கின்றாரா என்று சோதித்தார். அதைப் பொறுத்தே ஊதியம் அமைந்தது. தாய்மார்களிடம் மட்டும் சொன்னால் போதாது என்று உணர்ந்தபோது, கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடமும் பேசினார்கள்.

இன்று நமக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமாகவே கிடைக்கின்றது. ஆயினும் அந்த வரலாறு கற்பிக்கும் பாடம் பழையதாகிவிடவில்லை. ஒரு செய்தியைச் சொல்லிவிடுவது எளிது. கேட்டவர் அதை நினைவில் வைத்துச் செய்யுமாறு கற்பிப்பது அரிது. அந்த அரிய ஆற்றலைத்தான் ஆசிரியர் பட்டப்படிப்பு வளர்க்கின்றது. என்ன கற்பிக்க வேண்டும் என்பதைச் சுகாதாரக் கல்விப் பட்டயம் தருகின்றது. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தால் அவர் ஓர் ஊருக்கே பயன்படுவார்.

காந்திகிராமம் காட்டிய வழி

இத்தகைய படிப்பு நமக்குத் தொலைவில் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள காந்திகிராமத்தை நம்மில் பலர் அறிவோம். 1947-ல் அதை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் ஆவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் அம்மையார் இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தார். அத்துடன் வாழ்வு முடிந்தது என்று முடங்கிவிடாமல், டெல்லிக்குச் சென்று மருத்துவம் பயின்றார். சின்னாளப்பட்டியில் அவர் தொடங்கிய சிறு மருத்துவமனையே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

மருத்துவமனையில் அமர்ந்து, வருவோரைப் பார்ப்பதோடு அவர்களுடைய பணி நின்றுவிடவில்லை. 1959-ல் ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. பெரம்பலூருக்கு அருகிலுள்ள ஆத்தூர் அன்று இது. திண்டுக்கல் பகுதியிலுள்ள ஆத்தூர். அந்தப் பட்டறிவின் தொடர்ச்சியாக 1964-ல் காந்திகிராம ஊரக நலம் மற்றும் குடும்பநல நிறுவனம் அமைந்தது. சுகாதாரத் துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் அந்நிறுவனம், பட்டம் பெற்றவர்களுக்கான சுகாதாரக் கல்விப் பட்டமேற்படிப்புப் பட்டயத்தால் நாடெங்கும் பெயர் பெற்றது. நோய்கள் பரவும் முறை, மக்களின் பழக்கவழக்கங்கள், செய்தியை எடுத்துச் சொல்லும் முறை ஆகியவற்றுடன் கிராமங்களில் களப்பயிற்சியும் அதில் அடங்கும். 1932-ல் நிறுவப்பட்ட கொல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார மற்றும் பொதுநல நிறுவனமும் இத்துறைக்குப் பெயர் பெற்றதாகும்.

மேலைநாடுகளில் இத்துறை இன்னும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கணிதம், அறிவியல் போலவே சுகாதாரமும் பள்ளியில் ஒரு பாடம். அதைக் கற்பிக்கத் தனி உரிமம் பெறவேண்டும். பள்ளிக்கு வெளியே பணியாற்றுவோருக்கு, 1988-ல் அமைந்த ஒரு தேசிய ஆணையம் தேர்வு நடத்திச் சான்று வழங்குகின்றது. அந்தச் சான்று ஐந்தாண்டுகளுக்கே செல்லும். அதற்குள் 75 மணிநேரம் தொடர்ந்து பயின்றதாகக் காட்டினால்தான் புதுப்பிக்கப்படும். ஒருமுறை கற்றது ஆயுள் முழுமைக்கும் போதாது என்பது அதன் கருத்து.

நம் பிள்ளைகள் செல்லவேண்டிய படிகள்

முதற்படி, பட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் தாவரவியல், விலங்கியல் முதலிய அறிவியல் பட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் பின்னர் இரண்டு வழிகளுக்கும் பொருந்தும். பிற பாடங்களைப் படித்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் மனையியல், பொருளியல், வணிகவியல் போன்ற சில பாடங்களில் பி.எட். சேர முதுகலைப் பட்டமும் கேட்கப்படுவதுண்டு. எனவே, கல்லூரியில் முதலாண்டு சேரும்போதே இதைக் கேட்டறிந்து கொள்ளவேண்டும். பட்டம் முடித்த பின்னர் விசாரித்தால் பயன் இல்லை.

இரண்டாம் படி, பி.எட். முன்னர் ஓராண்டாக இருந்த இப்படிப்பு, 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுப் படிப்பாக மாற்றப்பட்டது. இதில் 20 வாரங்கள் பள்ளி சார்ந்த களப்பயிற்சி உண்டு. வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகைப்பதிவு வேண்டும் என்பது அப்போது வகுக்கப்பட்ட விதி. கால அளவை மீண்டும் மாற்றுவது பற்றிய பேச்சும் இருந்துவருவதால், சேருகின்ற ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வியியல் கல்லூரிகளின் இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கட்டணச் சுமை அங்கேதான் குறைவு.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். 2007-ல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குள் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாக்கப்பட்டது. கல்வி நிறுவன இடங்களுக்கும் மாநில அரசுப் பணிகளுக்கும் அது பொருந்தும். அந்த ஒதுக்கீட்டைப் பெறவேண்டுமாயின் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து, தந்தையார் பெயரில் ஒரு முதலெழுத்து மாறியிருந்தாலும் கலந்தாய்வு நாளில் அலைய நேரிடும். பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கின்றதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி, ஆசிரியர் தகுதித் தேர்வு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்தேர்வில் தேர்ச்சி பெறவேண்டும். பி.எட். முடித்தவர்கள் எழுதுவது இரண்டாம் தாள். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் 60. பொதுப்பிரிவினர் 90 மதிப்பெண் பெறவேண்டும். பிற பிரிவினருக்கான சலுகை அவ்வப்போதைய அரசாணைப்படி அமையும். இச்சான்று ஏழாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றிருந்த நிலை 2021-ல் நீக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆக்கப்பட்டது. ஆனால் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாலே அரசுப் பணி கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2018-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் பணி நியமனத்திற்கெனத் தனிப் போட்டித் தேர்வும் உண்டு.

நான்காம் படியே நாம் சொல்லவந்த சுகாதாரக் கல்விப் பட்டயம். பி.எட். முடித்துப் போட்டித் தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல், இதில் சேரலாம். வெளியூரில் தங்கிப் படிக்க இயலாத சகோதரிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கின்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வியில் தொலைநிலைப் பட்டயம் ஒன்றை நடத்திவருகின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதுமானது. பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் திருமணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின்னர் பகலில் சற்று ஓய்வு கிடைக்கின்ற தாய்மார்கள் இதைப் பற்றி அவசியம் சிந்திக்க வேண்டும்.

விளையாட்டில் ஆர்வமுடைய பிள்ளைகளுக்கு உடற்கல்விப் பட்டமாகிய பி.பி.எட். இருக்கின்றது. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் அவர்களால் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இத்துறையில் நாட்டிற்கே முன்னோடி. பள்ளிகளில் உடல்நலமும் உடற்கல்வியும் இணைத்தே பார்க்கப்படுவதால், இதுவும் சுகாதாரக் கல்விக்கு அருகிலுள்ள வழியே ஆகும்.

வேலைவாய்ப்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி

ஆசை காட்டிப் படிக்க வைப்பது நன்றன்று. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகின்றோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர், கணித ஆசிரியர் என்பதுபோல் சுகாதாரக் கல்வி ஆசிரியர் என்று தனிப் பணியிடம் கிடையாது. சுகாதாரக் கல்விப் பட்டயம் மட்டும் இருந்தால் ஆசிரியராக முடியாது. பி.எட். மட்டும் இருந்தால் சுகாதாரத் துறைத் திட்டங்களில் உங்களை முன்னிறுத்துவது கடினம். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவருக்கே இரு பக்கமும் வாசல் திறக்கும் வாய்ப்புண்டு.

அந்த வாய்ப்புகள் பெருகிவருகின்றன. 2020-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து உடல்நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிப்பது என்று வகுக்கப்பட்டது. வாரம் ஒரு மணிநேரம், 24 வாரங்கள் அவர்கள் மாணவர்களுக்கு உடல்நலச் செய்திகளைச் செயல்முறையோடு கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உடல்நலமும் உடற்கல்வியும் 2018-19 முதல் கட்டாயமாக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கும் பணியில் பெண் தன்னார்வலர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வோர் தேவைப்படுகின்றனர். ஒரு தனியார் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவரைத் தேடும்போது, சுகாதாரக் கல்வியும் அறிந்தவர் வந்தால் அவருக்கு முன்னுரிமை கிடைப்பது இயல்பு.

ஏமாற்றப்படாமல் இருக்க

பல ஊர்களில் கேள்விப்படுகின்ற ஒரு துயரத்தையும் இங்கே சொல்லவேண்டும். "கல்லூரிக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், பி.எட். வாங்கித் தருகின்றோம்" என்று சொல்லிப் பணம் பறிப்போர் இருக்கின்றனர். ஒரு மாதத்தில் சுகாதாரக் கல்வியாளர் சான்றிதழ் தருவதாகச் சுவரொட்டி ஒட்டுவோரும் இருக்கின்றனர். நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் போய், இரண்டு ஆண்டும் போன பின்னர்தான் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரியவரும். அந்தப் பிள்ளையை மறுபடியும் படிக்க அனுப்ப எந்த வீட்டிலும் மனம் வராது. ஒரு போலிச் சான்றிதழ் ஒரு பெண்ணின் படிப்பையே முடித்துவிடுகின்றது.

ஆகவே சேருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பு இருக்கின்றதா? 2008-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியலில் அதன் பெயர் உள்ளதா? கட்டணத்திற்கு முறையான ரசீது தருகின்றார்களா? வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் இரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. பட்டம் முடித்த எவரும் வீட்டிலிருந்தபடியே சேரக்கூடியது அன்று.

ஜமாஅத் செய்யக்கூடியவை

இனி நம் கையிலுள்ள பொறுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் போன்ற உதவிகள் முதல் பட்டப்படிப்பை மனத்தில் கொண்டு அமைந்தவை. பட்டத்திற்குப் பின் வரும் பி.எட். படிப்பின்போதுதான் குடும்பம் தனித்து நிற்கின்றது. சின்ன வெங்காயத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் விலை கிடைத்த ஆண்டில் கட்டணம் கட்டிவிடலாம். விலை விழுந்த ஆண்டில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பே. அந்த இரண்டாண்டைக் கடக்கத் தோள் கொடுப்பதே ஜமாஅத் செய்யக்கூடிய பெரிய உதவி என்று கருதுகின்றோம்.

பொதுக்கூட்டத்தின் பார்வைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, கல்வி நிதியில் ஒரு பகுதியைப் பட்டத்திற்குப் பிந்தைய படிப்புக்கெனத் தனியே ஒதுக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு இயன்றாலும் போதும். கட்டணம் முழுவதையும் தர இயலாவிட்டால், பேருந்துச் செலவையும் நூல்களின் செலவையும் ஏற்கலாம். பல பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்பது கட்டணத்தால் மட்டும் அன்று, போக்குவரத்தாலும்தான்.

இரண்டாவது, எவரேனும் ஒரு கல்லூரியில் சேரப் பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரியின் ஏற்பைச் சரிபார்த்துச் சொல்ல, படித்த இளைஞர் இருவரை ஜமாஅத் நியமிக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. அரைமணி நேரத் தேடல் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும். சேர்க்கை அறிவிப்புகளையும் தேர்வு அறிவிப்புகளையும் அறிவிப்புப் பலகையில் அவர்கள் எழுதிவைக்கலாம்.

மூன்றாவது, உதவி பெற்றுப் படித்து முடிப்பவர், மாதம் ஒருமுறை நம் மத்ரஸா அரங்கில் பெண்களுக்கும், வேறொரு நாளில் ஆண்களுக்கும் உடல்நல வகுப்பு நடத்தித் தரவேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தசோகை, புகையிலை, குழந்தைகளின் தடுப்பூசி என்று மாதம் ஒரு பொருள் போதும். வங்காளதேசத்தில் செய்ததுபோல், அடுத்த மாதம் வரும்போது முந்திய பாடம் நினைவிருக்கின்றதா என்று கேட்டுவிட்டே புதிய பாடத்தைத் தொடங்கட்டும். ஊரின் பணத்தில் படித்தவர் ஊருக்குத் திருப்பித் தரும் கடன் இதுவே.

பெற்றோர்களே! பெண்ணுக்கு வரன் பார்க்கின்ற நேரத்தில் இன்னும் இரண்டாண்டா என்று நீங்கள் தயங்குவதை நாம் அறிவோம். திருமணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்ல இங்கு வரவில்லை. அது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சீர்வரிசையைப் பேசுகின்ற அதே அமர்வில், பெண் தொடர்ந்து பி.எட். படிப்பாள் என்பதையும் ஒரு நிபந்தனையாகப் பேசி முடியுங்கள். அப்போது சொல்லப்படாத சொல்லைப் பின்னர் சொல்வது கடினம். பயின்ற தாய் ஒருவர் இருக்கின்ற வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைக்கின்றது. முதியவர்களுக்கு வேளை தவறாமல் மருந்தும் கிடைக்கின்றது.

மாணவச் செல்வங்களே! ஆசிரியர் பணியும் சுகாதாரப் பணியும் பெரும் செல்வத்தைக் குவித்துத் தருபவை அல்ல. ஆயினும், நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லால் ஒரு முதியவரின் கால் காக்கப்பட்டது, ஒரு குழந்தை வயிற்றுப்போக்கிலிருந்து மீண்டது என்று கேட்கும் நாள் உங்களுக்கு வரும். அத்தகைய ஆசிரியர் ஒருவரேனும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் குரும்பலூரில் உருவாக வேண்டும் என்பதே நமது விருப்பம்.

சேர்க்கைக் காலம் தொடங்கும் முன்பே சான்றிதழ்களைச் சரிபார்த்து வையுங்கள். ஐயம் ஏதும் இருப்பின் ஜமாஅத் அலுவலகத்தை அணுகுங்கள். முன்வைத்த வேண்டுகோள்களை இப்பொதுக்கூட்டம் ஆராய்ந்து நல்ல முடிவெடுக்கும் என்று நம்புகின்றோம். வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக ஆக்கியருள்வானாக.